ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டத்தை எப்படி மதிப்பிடுவது: அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து ரசிகர்களுக்கு

நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தைச் சிங்கப்பூரிலிருந்து விடாமல் பின்தொடர்பவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனாலும் தேசிய சேவையை முடித்துவிட்டு அங்கே படிக்கப் போய்த் திரும்பியவர்களும், பிள்ளையை அனுப்பிவிட்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டையை ஈரச்சந்தைக்குக்கூடப் போட்டுக்கொண்டு போகும் பெற்றோரும் நம் தமிழ்க் குடும்பங்களில் இருக்கத்தான் செய்கிறார்கள். இவர்களைப் படுதோல்வி அவ்வளவாகப் படுத்துவதில்லை. நாற்பது புள்ளிகளில் தோற்ற ஆட்டத்தைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை என்பதால் திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் நுழையும்போதே அது பாதி மறந்துபோயிருக்கும். ஒரு புள்ளியிலோ மூன்று புள்ளிகளிலோ நழுவிய ஆட்டம்தான் வாரக்கணக்கில் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்தை உருப்படியாகப் பரிசீலிப்பதற்கு நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன். நான் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியின் ரசிகன் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த அணியிலிருந்தே வரும். முறை எந்த அணிக்கும் பொருந்தும்.

முறையின் நடுவில் இருப்பது ஒரே ஒரு கேள்வி. ஆட்டத்தின் கடைசி நகர்வு வேறு விதமாக முடிந்து நம் அணி வென்றிருந்தால், இந்தக் குறையை நான் இதே சூட்டோடு சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றால் அந்தக் குறை மெய்யானது, எழுதி வைக்கலாம். சொல்லியிருக்க மாட்டேன் என்றால் அதை ஏமாற்றத்தின் கணக்கில் சேர்த்துவிட்டு அடித்துவிட வேண்டும். கீழே வரும் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்வதற்காக மட்டுமே.

முதல் நாள் தீர்ப்பு வேண்டாம்

அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி சனிக்கிழமை நண்பகலில் தொடங்கும் ஆட்டம் இங்கே சனி நள்ளிரவு 12 மணிக்கு வருகிறது. பிற்பகல் 3.30 ஆட்டம் ஞாயிறு விடியற்காலை 3.30க்கும், இரவு 7.30 ஆட்டம் ஞாயிறு காலை 7.30க்கும் வருகின்றன. நவம்பர் மாத முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்கு நகர்த்தியதும் நமக்கு எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். ஓர் ஆட்டம் மூன்றரை மணி நேரம் வரை இழுக்கக்கூடியது. ஆக, நாம் பெரும்பாலான தோல்விகளைத் தூக்கம் கெட்ட கண்களோடு, வீட்டில் யாரையும் எழுப்பிவிடாதபடி ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டுதான் பார்க்கிறோம். அந்த நிலையில் எடுக்கும் முடிவு எதுவும் நிலைக்காது.

அன்று செய்ய வேண்டியது, இறுதிப் புள்ளிகளை ஒரு தாளில் குறித்துவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையின் மற்ற வேலைகளைப் பார்ப்பது. முக்கியக் காட்சிகளின் தொகுப்பை மட்டும் அன்று பார்க்காதீர்கள். அந்தத் தொகுப்பை வெட்டி ஒட்டியவர் முடிவு தெரிந்த பிறகு ஒட்டியவர்; கடைசி ஐந்து நிமிடங்களைப் பெரிதாக்கி, முதல் அரை மணி நேரத்தை இரண்டு காட்சிகளுக்குள் அடக்கியிருப்பார். அதைப் பார்த்தவுடன் நம் நினைவும் அதே அளவுக்குச் சுருங்கிவிடும்.

இன்னொன்று, தவறு செய்த விளையாட்டாளருக்கு எந்தச் செய்தியும் அனுப்ப வேண்டாம், அவரைப் பற்றிப் பொதுவெளியில் ஏசியும் எழுத வேண்டாம். 2021 முதல் கல்லூரி விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்றாகிவிட்டது. அதனால் அவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் போலவே ஏசலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் அவர்கள். நம்மூரில் அந்த வயதில் பையன்கள் முகாமிலிருந்து வார இறுதிக்கு வீட்டுக்கு வந்து துணிமூட்டையை அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்தைக் கோடு போட்டுக்கொள்ளுதல்

திங்கள் இரவோ செவ்வாய் இரவோ ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தில் ஐந்து பத்திகள் வரும்படி கோடு போடுங்கள். இந்த ஆட்டத்தில் பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. முன்னேறினால் மீண்டும் நான்கு. பந்து கைக்கு வந்ததிலிருந்து கைவிட்டுப் போகும்வரை நடப்பதை டிரைவ் என்பார்கள். ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஏறக்குறையப் பத்துப் பன்னிரண்டு டிரைவ்கள் அமையும். முதல் பத்தியில் டிரைவ் எந்தக் கெஜக்கோட்டில் தொடங்கியது, இரண்டாவதில் எப்படி முடிந்தது, மூன்றாவதில் எத்தனை புள்ளி, நான்காவதில் கண்ணில் பட்ட குறை அல்லது நிறை என்று நிரப்புங்கள். ஐந்தாவதைக் காலியாக விடுங்கள். மேலே சொன்ன கேள்விக்கான பதில் அங்கேதான் வரும்.

இதை நிரப்பக் காணொளி தேவையில்லை. பல்கலைக்கழகங்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒவ்வொரு நகர்வையும் வரிசையாகச் சொல்லும் விவரப் பட்டியல் வெளியிடுகின்றன. அதை முதலில் வரிசையாகப் படியுங்கள். எழுத்தில் படிக்கும்போது முதல் கால்பகுதியில் கைநழுவிய பந்தும் நான்காம் கால்பகுதியில் கைநழுவிய பந்தும் ஒரே அளவு எழுத்தில் நிற்கும். அரங்கின் ஆரவாரமும் வருணனையாளரின் குரலும் அங்கே இல்லை. சந்தேகம் வரும் இடங்களுக்கு மட்டும் பிறகு காணொளியைத் திறந்தால் போதும்.

புள்ளிக் கணக்கைப் புதியவர்களுக்காக ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். களத்தின் கோடியில் உள்ள எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுனுக்கு 6, அதன்பின் உதைத்தால் 1, உதைக்காமல் மீண்டும் எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோனால் 2, தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3.

ஒரு பக்கத்தை நிரப்பிப் பார்ப்போம்

2022 டிசம்பர் 31 அன்று அட்லாண்டாவில் நடந்த, தேசிய வெற்றியாளர் பட்டத்துக்கான பீச் பவுல் அரையிறுதியில் ஜார்ஜியா 42, ஒஹாயோ மாநிலம் 41. நமக்கு அது 2023 புத்தாண்டு ஞாயிறு. அட்லாண்டாவில் நள்ளிரவு 12 அடிக்கும் தறுவாயில், இங்கே பிற்பகல் ஒரு மணிக்கு, எங்கள் அணியின் 50 கெஜ உதை இடப்புறமாக விலகிப் போனது. அந்த ஆட்டத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அந்த உதையைத்தான் சொல்வார்கள். பக்கத்தைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும்.

இடைவேளையில் 28–24 என்று முன்னிலை. மூன்றாம் கால்பகுதி முடிவில் 38–24. பதினான்கு புள்ளி முன்னிலையைக் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் இழந்திருக்கிறார்கள். நான்காவது பத்தியில் என்னென்ன விழும் என்று பாருங்கள். மூன்றாம் கால்பகுதியின் இறுதியில் எண்ட் ஸோனில் பந்தைப் பிடிக்கப் போன எங்கள் பிடிப்பாளர் மார்வின் ஹாரிசன் ஜூனியர் பலமாக மோதப்பட்டு விழுந்தார். நடுவர் முதலில் தலையைக் குறிவைத்த மோதல் என்று கொடி வீசினார், மறுபார்வையில் அது ரத்தானது, டச்டவுனுக்கு வாய்ப்பிருந்த இடத்தில் மூன்று புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது, அவரும் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. அடுத்து, நான்காவது வாய்ப்பில் ஒரே ஒரு கெஜம் தேவைப்பட்டபோது, பந்தை உதைத்து ஒப்படைப்பதுபோல் பாவனை காட்டும் போலி பன்ட் ஒன்றை எங்கள் அணி ஆடியது. அது பலிக்கவும் செய்தது. ஆனால் பந்து நகர்வதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பாக ஜார்ஜியாவின் பயிற்றுவிப்பாளர் கர்பி ஸ்மார்ட் டைம்-அவுட் கேட்டிருந்தார், ஆகவே அது கணக்கில் வரவில்லை. அதன்பின் எங்கள் அணி நிஜமாகவே பன்ட் அடித்துப் பந்தைக் கொடுத்தது. சிறிது நேரத்தில் எங்கள் தற்காப்பின் பின்வரிசைக் காவலர் கால் வழுக்கி விழ, 76 கெஜ டச்டவுனும் அதன்மேல் இரண்டு புள்ளியும் விழுந்தன. பிறகு எங்கள் உதைப்பாளர் 48 கெஜத்திலிருந்து ஃபீல்டு கோல் அடித்து 41–35 ஆக்கினார். 54 விநாடி இருக்கும்போது ஜார்ஜியா 42–41 என்று முந்தியது. பந்தை வீசி அணியை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் 27 கெஜம் தாமே ஓடி அணியை உதைக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குமேல் அணி ஓர் அடிகூட முன்னேறவில்லை. உதை விலகியது.

இப்போது ஐந்தாவது பத்திக்கு வருவோம். கடைசி உதை உள்ளே போயிருந்து 44–42 என்று வென்றிருந்தால் எந்தெந்தக் குறையைச் சொல்லியிருப்பேன்?

உதைப்பாளரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஆட்ட நேரப்படி மூன்று நிமிடம்கூட ஆகாத முன்பொழுதில் 48 கெஜத்திலிருந்து அடித்தவரும் 50 கெஜத்தில் தவறவிட்டவரும் ஒரே பையன்தான். கல்லூரி அளவில் 50 கெஜ உதை என்பது ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த வரியை அடித்துவிடுகிறேன். அவர் பெயரையும் நான் பக்கத்தில் எழுதவில்லை. காவலர் வழுக்கி விழுந்ததையும் முதல் பார்வையில் அடித்துவிடத் தோன்றும், ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன். காரணம் பின்னால் வருகிறது. மறுபார்வை முடிவைப் பற்றி வென்றிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா என்றால், சந்தேகமே, அடித்தாகிவிட்டது. கர்பி ஸ்மார்ட்டின் டைம்-அவுட் எதிரணியின் நிறை. அதை நம் குறையாக எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நிற்பவை எவை? ஒரு கெஜத்துக்காகத் தந்திரம் தயாராக வைத்திருந்த அணி, தந்திரம் அம்பலமானதும் நேர்வழியில் அந்த ஒரு கெஜத்தை எடுக்கத் துணியாமல் பந்தைக் கொடுத்தது. வென்றிருந்தாலும் இதைக் கேட்டிருப்பேன். உதைக்கும் தூரத்துக்கு வந்தபின் கிடைத்த வாய்ப்புகளில் தூரத்தைக் குறைக்காமல் நின்றதையும் பாதிச் சூட்டோடு கேட்டிருப்பேன். எல்லாவற்றையும்விட, எங்கள் தற்காப்பு ஒரே ஆட்டத்தில் 42 புள்ளிகள் கொடுத்தது. 44–42 என்று வென்ற பிறகும் இறுதி ஆட்டத்தை நினைத்து அடிவயிறு கலங்கியிருக்கும்.

அந்தக் கேள்விக்குறி இங்கேதான் உதவுகிறது. இதற்கு முந்தைய ஆட்டத்தின் பக்கத்தைப் புரட்டினால், 2022 நவம்பர் 26 அன்று மிச்சிகனிடம் 45–23 என்று தோற்றதும், அதில் நீண்ட வீச்சுகளாலும் நீண்ட ஓட்டங்களாலும் டச்டவுன்கள் விழுந்ததும் தெரியும். ஒருமுறை வழுக்கி விழுவது துரதிர்ஷ்டம். அடுத்தடுத்த ஆட்டங்களில் பின்வரிசைக்கு அப்பால் ஆளே இல்லாமல் எதிரணி ஓடுகிறது என்றால், ஒருவர் விழுந்தால் தடுக்க இன்னொருவர் அங்கே இல்லாத அமைப்பு அது. ஒரு பக்கம் சொல்லாததை இரண்டு பக்கங்கள் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

பயிற்றுவிப்பாளரின் துணிச்சல்

நெருக்கமான தோல்வியில் ரசிகர்கள் மிக மோசமாகத் தடுமாறுவது பயிற்றுவிப்பாளரின் முடிவுகளை மதிப்பிடும்போதுதான். 1984 ஜனவரி 2 அன்று ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் நெப்ராஸ்கா, மயாமியிடம் 31–30 என்று தோற்றது. அந்தப் பருவத்தில் நெப்ராஸ்கா அதுவரை ஒரு தோல்வியும் காணாத, முதலிடத்தில் இருந்த அணி. கடைசி நிமிடத்துக்குள் டச்டவுன் அடித்து ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, எளிய உதையால் சமன் செய்துகொள்ளலாம். கல்லூரிக் காற்பந்தின் உயர்மட்டப் பிரிவில் அப்போது கூடுதல் நேரம் கிடையாது, அது 1996 பருவத்தில்தான் வழக்கமானது. சமன் செய்திருந்தால் வெற்றியாளர் பட்டம் அவர்களுக்கே போயிருக்கும் என்பது பரவலான கருத்து. நெப்ராஸ்காவின் பயிற்றுவிப்பாளர் டாம் ஆஸ்பர்ன் இரண்டு புள்ளிக்குப் போனார். வீசிய பந்து எதிரணியின் கையில் பட்டுத் தெறித்தது.

2007 ஜனவரி 1 ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் பாய்சி ஸ்டேட் கூடுதல் நேரத்தில் ஒக்லஹோமாவிடம் அதே இடத்தில் நின்றது. உதைத்துச் சமன் செய்து ஆட்டத்தை நீட்டிக்கலாம், அல்லது இரண்டு புள்ளிக்குப் போகலாம். இரண்டுக்குப் போனார்கள், பலித்தது, 43–42. அந்தக் காட்சியை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆஸ்பர்னின் முடிவைக் குறை சொல்ல விரும்புபவர் முதலில் பாய்சி ஸ்டேட்டின் முடிவையும் அதே குரலில் குறை சொல்லிக் காட்ட வேண்டும். முடியாது என்றால் ஐந்தாவது பத்தியில் கோடு போடுவது தவிர வழி இல்லை. என் தனிப்பட்ட கருத்து கேட்டால், ஆஸ்பர்ன் செய்தது சரி. சமன் செய்து பட்டம் வாங்குவதைவிடத் தோற்பது மேல் என்று எண்ணும் மனிதரிடம் பிள்ளையை விளையாட அனுப்பலாம்.

கடிகாரமும் நடுவரும்

நேரத்தைப் பற்றிய குறைகளை எழுதும் முன் விதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவை அண்மையில் மாறியவை. முன்பெல்லாம் ஒவ்வொரு முறை பத்து கெஜம் முன்னேறும்போதும் கடிகாரம் சற்று நிற்கும். 2023 பருவத்திலிருந்து ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டுமே அப்படி நிற்கிறது. 2024இல் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு நிமிடம் இருக்கும்போது தானாகவே ஓர் இடைநிறுத்தம் வருகிறது. பழைய காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதை மறந்துவிட்டுப் பயிற்றுவிப்பாளரை ஏசுவதை நிறையவே கேட்டிருக்கிறேன்.

2024 அக்டோபர் 12 அன்று யூஜீனில் ஒரிகனிடம் 32–31 என்று தோற்றது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கே ஞாயிறு காலை. முடியும்போது பதினொரு மணி நெருங்கியிருந்தது. கடைசியில் பத்து விநாடி இருந்தபோது ஒரிகன் 11 பேருக்குப் பதிலாக 12 பேரைக் களத்தில் நிறுத்தியது. தண்டனையாக எங்களுக்கு 5 கெஜம் கிடைத்தது, ஆனால் நான்கு விநாடிகள் கரைந்துவிட்டன. மிச்சமிருந்த ஆறு விநாடியில் எங்கள் குவார்ட்டர்பேக் ஓடிச் சறுக்கி அமர்ந்தபோது நேரமும் தீர்ந்திருந்தது. 12 பேரை நிறுத்தியது முன்கூட்டியே தயாரித்து வைத்த உத்தி என்று உணர்த்தும் வகையில் ஒரிகனின் பயிற்றுவிப்பாளர் பின்னர் பேசினார். சில நாள்களிலேயே கல்லூரி விளையாட்டு நிர்வாகம், கடைசி இரண்டு நிமிடங்களில் இப்படி நடந்தால் கரைந்த நேரத்தைத் திரும்பப் பெறலாம் என்று விளக்கம் வெளியிட்டது.

இந்த வரியைப் பக்கத்தில் எப்படி எழுதுவது? விதியில் ஓட்டை இருந்தது, எதிரணி அதைக் கண்டது, அவ்வளவுதான். அதே டிரைவில் எங்கள் ஜெரமையா ஸ்மித் பந்தைப் பிடித்தபோது தற்காப்பாளரைத் தள்ளினார் என்று நடுவர் கொடுத்த தண்டனையைப் பற்றியும் ஒரே வரி போதும். நடுவருக்காக நான் வைத்திருக்கும் விதி, ஓர் ஆட்டத்துக்கு ஒரு வரிக்கு மேல் எழுதக்கூடாது என்பது. இரண்டாவது வரி எழுதக் கை துறுதுறுத்தால், நமக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு ஒன்றை முதலில் எழுதியாக வேண்டும். தேடினால் கிடைக்கும். அந்த ஆட்டத்தில் ஐந்தாவது பத்தியைத் தாண்டி நின்றவை, முதல் கால்பகுதியில் கைநழுவவிட்ட பந்தும், நீண்ட வீச்சுகளில் எங்கள் காவலர்கள் திரும்பத் திரும்பத் தோற்றதும்தான். இரண்டும் சரிசெய்யக்கூடியவை. 2025 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் ஆட்டத்தில், இங்கே 2ஆம் தேதி வியாழக்கிழமை காலை, அதே ஒரிகனை எங்கள் அணி 41–21 என்று வென்றது. அக்டோபரில் ஒரு புள்ளி குறைந்ததை வைத்து எந்த அணி மேலானது என்று முடிவு கட்டியவர்களுக்கு அன்று காலை எம்ஆர்டியில் நீண்ட பயணமாக இருந்திருக்கும்.

கேள்வி நம்மைத் தப்பவிடாத ஆட்டங்கள்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, நெருக்கமான தோல்விகள் எல்லாமே காற்றடித்த திசை என்று சமாதானம் செய்துகொள்ளும் முறை இது என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று சொந்த அரங்கில் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்ற ஆட்டத்தில் அதே கேள்வி எங்களைக் கொஞ்சமும் விடவில்லை. மிச்சிகன் அப்போது ஆறு வெற்றியும் ஐந்து தோல்வியுமாக வந்த அணி. எங்கள் குவார்ட்டர்பேக்கின் இரண்டு வீச்சுகளை எதிரணி பிடித்தது, இரண்டு ஃபீல்டு கோல்கள் தவறின, முன்வரிசை வலுவாக அடைத்து நின்ற நடுப்பகுதியிலேயே மீண்டும் மீண்டும் ஓடி முட்டிக்கொண்டார்கள், வெளியே உலகத்தரமான பிடிப்பாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். 45 விநாடி இருக்கும்போது மிச்சிகன் அடித்த அந்த ஃபீல்டு கோல் தவறி, எங்கள் அணி எப்படியோ வென்றிருந்தாலும் நான் இவற்றில் ஒன்றையும் விட்டிருக்க மாட்டேன். ஐந்தாவது பத்தி முழுவதும் ‘ஆம்’ என்றே நிரம்பியது. தோல்வி மூன்று புள்ளிதான்; குறைகள் அவ்வளவு சிறியவை இல்லை.

அந்த ஆட்டம் இங்கே டிசம்பர் 1 விடியற்காலை ஒரு மணிக்குத் தொடங்கியது. மிச்சிகனில் படிக்கும் என் அக்கா மகன் காலையில் அனுப்பிய செய்தியில் ‘மாமா, சாப்டாச்சா?’ என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. இத்தகைய செய்திக்கு ‘சாப்டாச்சுடா’ என்று மட்டும் பதில் அனுப்ப வேண்டும். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் தொலைந்தோம். பக்கத்தில் இருப்பது நமக்காக எழுதியது, எதிரணி ஆதரவாளரிடம் வாசித்துக் காட்டுவதற்கானது இல்லை. நம் அணியின் மற்ற ரசிகர்களோடு பேசும்போது மட்டும், ஆளுக்கொரு பக்கம் நிரப்பிக்கொண்டு வந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஒப்பிட்டால் நேரம் போவதே தெரியாது. நான்காவது பத்தி எல்லாருக்கும் ஒன்றுபோலவே இருக்கும், ஐந்தாவதில்தான் சண்டை வரும். கல்லாங் அரங்கில் மலேசியக் கிண்ண ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த மூத்தவர் ஒருவர் மேசையில் இருந்தால், 1994இல் சிங்கப்பூர் பகாங்கை 4–0 என்று வென்ற கதைக்கும் கால் மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். அவரை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டில் இந்த ஆட்டம் புரியாதவர்களிடம் சுருக்கமாகச் சொல்வது நல்லது. ‘ஒரு புள்ளியில தோத்துட்டாங்க’ என்றால் போதும், அதற்குரிய அனுதாபம் கிடைத்துவிடும். போலி பன்ட்டை விளக்கப் போனால் அதுவும் போய்விடும்.

வென்ற ஆட்டத்துக்கும் ஒரு பக்கம்

முறையில் பலர் தவறவிடும் பகுதி இது. கடைசி நொடி வேறு மாதிரி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்ற கேள்வியைத் தோல்விக்கு மட்டும் வைத்துக்கொண்டால், காலப்போக்கில் நம் புத்தகம் முழுவதும் துரதிர்ஷ்டமாகவே நிறைந்து, உலகமே நமக்கு எதிராக இருப்பதுபோல் தோன்றிவிடும். ஆகவே எட்டுப் புள்ளிக்குள் வென்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும், வென்ற வாரத்திலேயே, அதே ஐந்து பத்திகளோடு ஒரு பக்கம் எழுதுங்கள். இப்போது கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: தோற்றிருந்தால் இந்தப் பாராட்டை எழுதியிருப்பேனா?

2023 செப்டம்பர் 23 அன்று சவுத் பெண்டில் நோட்டர் டேம் அணியை எங்கள் அணி 17–14 என்று வென்றது. ஒரே ஒரு விநாடி மிச்சமிருக்கும்போது ஒரு கெஜ ஓட்டத்தில் வந்த டச்டவுன் அது. அந்த ஆட்டத்தின் கடைசி இரண்டு நகர்வுகளிலும் நோட்டர் டேம் 11 பேருக்குப் பதில் 10 பேரோடு நின்றிருந்தது பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அந்தப் பக்கத்தின் நான்காவது பத்தியில் ‘மனவுறுதி’ என்று நான் எழுதியிருந்த சொல்லுக்கு எதிரே, ஐந்தாவது பத்தியில் ‘10 பேர்’ என்று இருக்கிறது.